டப்பாவும் தறியும்

இராசிபுரம் நெய்யின் பெயரை அறியாதார் தமிழ்நாட்டில் அரியர். அந்நெய் இன்று கடைகளில் பிளாஸ்டிக் டப்பாவிலும் விலையாகிறது. நெய் நம்முடையது. டப்பாவின்மேல் பெயரும் படமும் பொறித்தவர் யார் என்று மட்டும் கேட்பாரில்லை. அக்கூலியில் அயலூராகிய வெண்ணந்தூருக்கும் பங்கு வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

டப்பா வார்ப்பது செல்வர் தொழில். குருணையை உருக்கிச் செலுத்தும் யந்திரமும், எஃகில் கடைந்த அச்சும் பெருமுதல் கேட்பவை. அச்சைச் சீனாவிலிருந்து தருவிப்போரும் உளர். அதில் இறங்கும்படி நெசவாளிக்கு நாம் யோசனை சொல்லோம். அலங்காரமோ வேறு. மெல்லிய துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, சித்திரத்திற்கு வேண்டிய கண்களை மாத்திரம் திறந்துவைத்து, ரப்பர்ப் பட்டையால் மையை வழித்து இறக்குவதே ஸ்கிரீன் அச்சு. முன்னாளில் அத்துணி பட்டு, இந்நாளில் பாலியெஸ்டர். இழையின் நெருக்கத்தைப் பார்த்தவுடன் சொல்லும் கண், தறியோடு வளர்ந்த வெண்ணந்தூருக்குப் பிறவிச் சொத்தன்றோ?

சூட்சுமம் ஒன்றுண்டு. டப்பாக்களுக்குப் பெரிதும் வழங்கும் பாலிப்ரொப்பிலீன் எளிதில் மையை ஏலாது. நகம் பட்டால் எழுத்து உரியும். அச்சிடுமுன் தீச்சுடரை மேற்பரப்பில் ஒருகணம் ஓட்டினால் மை பற்றிக்கொள்ளும். இதைக் கற்பிப்பார் வேண்டும். 1968 இல் சென்னைக் கிண்டியில் தோன்றிய சிப்பெட் நிலையத்திலிருந்து ஆசிரியர் இருவரைச் சில மாதம் இங்கு அனுப்பினால் சர்க்காருக்கு என்ன நஷ்டம்?

படத்தாளை அச்சினுள்ளேயே வைத்து டப்பாவோடு ஒன்றாய் வார்க்கும் முறை பரவிவருகையில் ஸ்கிரீன் எதற்கு என்பர் சிலர். ஒரே டப்பாவை லட்சக்கணக்கில் கேட்கும் கம்பெனிக்கு அது தகும். இருநூறு கேட்கும் சிறு வியாபாரிக்கு ஸ்கிரீனே கட்டுபடியாகும்.

பிளாஸ்டிக்குக்கு வக்காலத்தா என்று வினவும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வக்கீல் தொழில் நமக்குப் பழையதே. ஆயினும் பிளாஸ்டிக் நமது கட்சிக்காரர் அல்லர். ஒருதரம் உபயோகித்து எறியும் பைகளையும் குவளைகளையும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு விலக்கியது முற்றிலும் நியாயம். கெட்டி டப்பாவோ மீண்டும் உருக்கி வார்க்கத் தக்கது. பசையிட்டு ஒட்டிய காகிதம் அந்த மறுபிறவியைக் கெடுக்கும். மிகுந்த மையும் கறைப்படுத்தும். ஆகவே ஓரிரு வர்ணத்தில் சிறு சித்திரம் போதும். இரண்டு நிறத்து நூலில் ஒரு கரையை அழகுசெய்யத் தெரிந்தவருக்கு இது கடினமா?

கையில் வேலை உறுதியாகாமல் எந்த நெசவாளியும் கடன்பட்டுச் சட்டம் வாங்கமாட்டார். இராசிபுரம் நெய் வியாபாரிகள் தங்கள் டப்பாக்களில் பத்திலொன்றையேனும் வெண்ணந்தூருக்கு அனுப்ப முன்வருவார்களா?