கையுறையைக் கழற்றுங்கோ

கையுறை போட்டால் கை தப்பும் எண்டுதான் பொதுவா நினைக்கிறம். பெல்ற் கிறைண்டரில கத்தி தேய்க்கிறவைக்கு அது சரிவராது. ஓடுற பெல்ற்றுக்கும் தாங்குதட்டுக்கும் இடையில கையுறை நுனி அகப்பட்டால் விரலையும் சேர்த்து இழுக்கும். வெறுந்தோல் பட்டால் உரசல் காயம், துணி சிக்கினால் விரலே போகலாம்.

கையுறை சூட்டையும் மறைக்கும். பதம் போட்ட காபன் உருக்கு 200 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடேறினால் பொதுவா கடினம் குறையத் தொடங்கும். 300ஐ நெருங்கினால் நீலம் பாயும். வெறும் விரலுக்குச் சூடு தெரிஞ்ச உடனே தண்ணி வாளிக்குள்ள தோய்க்கோணும். மெல்லிய விளிம்பு இன்னும் கெதியாச் சுடும், அதால அடிக்கடி தோய்க்கிறது நல்லம்.

பிடிக்கிற முறையும் முக்கியம். இரண்டு கையாலயும் பிடிச்சு, முழங்கையை விலாவோட ஒட்டி, உடம்பால அசையுங்கோ. விளிம்பு கூரானபிறகு பெல்ற் அதைவிட்டு விலகி ஓடோணும். எதிர்த்து ஓடினால் கத்தி பெல்ற்றில கொத்திப் பறக்கும். கண்ணாடியும் தூசு முகமூடியும் கட்டாயம்.

இப்ப கனபேர் கம்மாலையில நிண்டு பழகாமல், வீடியோ பார்த்துத்தான் பழகினம். பக்கத்தில நிண்டு கையைத் தட்டிவிட ஆளில்லை. அதால சொல்லிக்குடுக்கிறவை ‘இதைப் போடு, அதைப் போடாதை’ எண்டதோட நிப்பாட்டக்கூடாது. காரணம் தெரியாத விதியைச் சோதனைக்குப் பாடமாக்கலாம். மிசினுக்கு முன்னால அது உதவாது.