தையல் மெஷினின் கால்

திருத்தங்கலில் சிநேகிதி வீட்டுத் தையல் மெஷினின் கால் முறிந்துவிட்டது. எஃகுத் தகடு வைத்து அவசரமாக 'வெல்டிங்' செய்தார்கள். மறுநாளே ஒட்டுக்குப் பக்கத்தில் விரிசல்!

காரணம், கால் வார்ப்பிரும்பு. எஃகைவிட அதில் கரி அதிகம். நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு. சட்டென்று சூடேறிக் குளிர்ந்தால் வெடித்துவிடும்.

அந்தக் காலத்து வார்ப்படக்காரர்கள் இரண்டையும் எப்படிச் சேர்த்தார்கள், தெரியுமா? மணல் அச்சில் எஃகு ஆரக்கால்களை நிறுத்தி, நடுவே வார்ப்பிரும்பை உருக்கி ஊற்றினார்கள். அது சுமார் 1,200 டிகிரியில் உருகிவிடும். எஃகுக்கோ 1,500 டிகிரி வேண்டும். ஆகவே ஆரக்கால் உருகாது. ஆறும்போது குடம் சுருங்கி, அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதும் இதே சூட்சுமந்தான்!

உங்கள் வீட்டு மெஷின் முறிந்தால், முதலில் சூடேற்றிப் பித்தளையால் பற்றவைத்து, சாம்பலில் புதைத்து மெள்ள ஆறவிடச் சொல்லுங்கள். அவசரம் மட்டும் வேண்டாம்.