முதலில் யாரிடம் செல்வது?

“செபிக்கிறேன், மனம் ஒன்றவில்லை. திருப்பலிக்கு வருகிறேன், இறைவன் தொலைவில் நிற்பதாகவே தோன்றுகிறது.” பங்குகளில் அடிக்கடி எழும் முறையீடு இது. இதற்கு நாம் கூறும் மருந்துகளும் தெரிந்தவையே: ஒரு தியானம், ஒரு நவநாள், ஒரு குணமளிக்கும் வழிபாடு, வேளாங்கண்ணிக்கு ஒரு பாதயாத்திரை. இவற்றுள் எதையும் நான் இகழவில்லை. ஆயினும் நோயை ஆராயாது கொடுக்கும் மருந்து நோயாளியை ஏமாற்றும். புனித சிலுவை அருளப்பர் விளக்கிய இருண்ட இரவு, இறைவனையே நாடித் தவிக்கும் ஆன்மாக்களுக்கு உரியது. பங்காளியின் வரப்பை வெட்டியவர் அதற்கு உரிமை கொண்டாட முடியாது. நம்மில் பலர் ஆன்ம வறட்சி என்று அழைப்பது, அயலானோடு முறிந்த உறவின் விளைவே.

மலைப்பொழிவில் ஆண்டவர் வகுத்த ஒழுங்கு தெளிவானது (மத் 5:23-24). காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும், காணிக்கை பிறகுதான். அங்குள்ள ஒரு நுணுக்கத்தை நாம் கவனிப்பதில்லை. நமக்கு அவன்மேல் உள்ள மனத்தாங்கலைப் பற்றி ஆண்டவர் பேசவில்லை. அவனுக்கு நம்மேல் உள்ள மனத்தாங்கலையே குறிப்பிடுகிறார். ஆகவே, “என் மனத்தில் யார்மேலும் பகையில்லை” என்பது பதிலாகாது. பாதிக்கப்பட்டவன் என்ன சொல்கிறான்?

“இடையில் பிறர் எதற்கு? நானும் கடவுளும் பேசித் தீர்த்துக்கொள்வோம்” என்பார் உளர். திருச்சபை அவ்வாறு கற்பிக்கவில்லை. மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றையும் இந்த அருட்சாதனத்தின் கூறுகளாக 1551-இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் எடுத்துரைத்தது. இறைவனிடம் மன்னிப்புப் பெறுவோர், தம் பாவத்தால் காயப்படுத்திய திருச்சபையோடும் ஒப்புரவாகின்றனர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் அறிவித்தது. நாமோ பரிகாரத்தை மூன்று ‘அருள் நிறைந்த மரியே’யாகச் சுருக்கிவிட்டோம். இதில் குருக்களுக்கும் பங்குண்டு. “அபகரித்ததைத் திருப்பிக் கொடுத்தீரா?” என்று கேளாமல் அவசரமாகக் கையுயர்த்துவது எவரை நல்வழிப்படுத்தும்?

உறவைத் துண்டித்துக்கொண்டே இறைவனைத் தேடிய வரலாறு நமக்குண்டு. வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயம், சாதிக்கு ஒரு பக்கமாக இரு கால்களாகப் பிரிந்து நின்றது; பீடம் மட்டும் பொது. 1910-இல் கௌசானல் அடிகளார் இடைத்தடுப்பை அகற்றினார். அதை மீண்டும் எழுப்பக் கோரி நீதிமன்றம் சென்றவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்களே! வழக்கில் அவர்கள் தோற்றார்கள். ஆனால் தடுப்பு முற்றிலும் ஒழிந்துவிட்டதா? சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும், தேர் நுழையாத தெருவின் முனையிலும் அது இன்றும் நிற்கிறது. பிணத்தையும் பிரித்துப் புதைத்துவிட்டு, “ஆண்டவரே, ஏன் என்னைவிட்டு அகன்றீர்?” என்று மன்றாடுவது எத்தகைய துணிச்சல்!

செயலால் மீட்பை விலைக்கு வாங்கச் சொல்கிறீரோ என்று சிலர் வினவலாம். இல்லை. அருளே முந்துகிறது. மரத்திலிருந்த சக்கேயுவை முதலில் அழைத்தவர் இயேசுவே (லூக் 19:1-10). ஆனால் அந்த அருள் சக்கேயுவின் பணப்பையையும் தொட்டது. உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றியதற்கு நான்கு மடங்கை இழந்தோர்க்கும் தருவதாக அவர் சொன்ன பிறகே, அவ்வீட்டுக்கு மீட்பு உண்டாயிற்று என்று ஆண்டவர் அறிவித்தார். பணப்பையைத் தொடாத மனமாற்றம் கண்ணீரோடு நின்றுவிடும்.

எனவே, அன்பர்களே, அடுத்த தியானத்துக்குப் பெயர் கொடுக்குமுன் வீட்டிலுள்ள பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். தங்கைக்குச் சேர வேண்டிய பங்கு அதில் இருக்கிறதா? வேலையாளுக்குப் பிடித்து வைத்த கூலி எவ்வளவு? எந்தத் தெருவாரை வாசலில் நிறுத்திப் பேசுகிறீர்கள்? முதலில் அவர்களிடம் சென்று, செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். பிறகு பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வாருங்கள். தொலைவில் வரும் மகனைக் கண்டு ஓடிவந்த தந்தை அங்கே காத்திருக்கிறார்.