"பராமரிப்பு மரபணு" என்னும் பெயர் மறைத்தவை

ரைபோசோம் புரதங்களை ஆக்கும் மரபணுக்களுக்குப் "பராமரிப்பு மரபணுக்கள்" என்னும் பெயர் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. எல்லா உயிரணுக்களிலும் ஒரே வேலையை ஓயாது செய்பவை என்பது அதன் பொருள். அப்படியெனில் அவற்றுள் எது பழுதுற்றாலும் கரு முழுவதும் ஒரே சீராக நலிய வேண்டும். வரிக்குதிரை மீனின் கரு அவ்வாறு நலியவில்லை.

2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அம்மீனின் 21 ரைபோசோம் புரத மரபணுக்களை மார்ஃபோலினோ கொண்டு ஒவ்வொன்றாகத் தணித்தனர். 19 மரபணுக்களைத் தணித்தபோது கரு உருக்குலைந்தது. ஆனால் கருவுற்று 25 மணி நேர அளவில் மூளை, உடல், கண், செவி ஆகியவற்றில் தோன்றிய குறைகள் மரபணுவுக்கு மரபணு வேறுபட்டன. இத்தகைய முடிவுகளும், எலியில் ஆர்.பி.எல்.38 குறித்து 2011இல் வெளிவந்த ஆய்வும் "சிறப்பு ரைபோசோம்" என்னும் கருத்துக்கு வலுவூட்டின. தன்னிடமுள்ள புரதங்களைப் பொறுத்து ரைபோசோம் தூது ஆர்.என்.ஏ.க்களைத் தேர்ந்து மொழிபெயர்க்கிறது என்பதே அக்கருத்து.

பழைய பெயரைப் போலவே இப்புதிய பெயரும் கண்ணை மறைக்கக்கூடும். மொழிபெயர்ப்பு என்னும் உருவகத்தையே சற்று நீட்டிப் பார்க்கலாம். ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் பாதியாகக் குறைந்தால் எல்லாக் கோப்புகளும் பாதி வேகத்தில் நகர்வதில்லை. சில அன்றே முடிகின்றன, சில மாதக்கணக்கில் உறங்குகின்றன. விடுப்பில் சென்றவர் உறங்கும் கோப்புகளுக்கென்றே அமர்த்தப்பட்டவர் என்று அதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது. டயமண்ட்–பிளாக்ஃபான் இரத்தசோகை குறித்து 2018இல் மனித இரத்த முன்னணுக்களில் நடந்த ஆய்வு காட்டியதும் இதையே: ரைபோசோமின் அமைப்பு மாறவில்லை, எண்ணிக்கையே குறைந்தது, அதனால் சிவப்பணு உருவாக்கத்துக்கு இன்றியமையாத காட்டா1 போன்றவற்றின் மொழிபெயர்ப்பு தனித்து வீழ்ந்தது.

மீன் கருவில் இன்னொரு சிக்கலும் உண்டு. தாய்மீன் முட்டையில் சேமித்துவைத்த ரைபோசோம்களைக் கொண்டே கரு வளரத் தொடங்குகிறது. அவ்விருப்பு தீரும் வேளையில் விரைந்து பெருகும் உறுப்பே முதலில் அடிபடலாம். அதற்குச் சிறப்பு ரைபோசோம் எதுவும் தேவையில்லை. போதாக்குறைக்கு, மார்ஃபோலினோவே சில வேளைகளில் பி53 புரதத்தைத் தூண்டி உயிரணுக்களை மாய்க்கிறது.

இது வெறும் சொற்போர் அன்று. ஆர்.பி.எஸ்.19 குன்றிய மீன் கருவில் பி53ஐ அடக்கியபோது உடல் வடிவம் பெருமளவு மீண்டது. சிவப்பணு உருவாக்கமோ மீளவில்லை என்று 2011இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. ரைபோசோம் புரத மரபணுவின் ஒரு படி மட்டும் பழுதான மீன்களுக்கு நரம்புறைக் கட்டிகள் தோன்றுவது 2004இலேயே அறியப்பட்டது. ஆகவே புற்றைத் தடுக்கும் பி53ஐ அடக்கி அக்குழந்தைகளின் இரத்தசோகையைத் தீர்க்கலாம் என்னும் நம்பிக்கை இருமுனையிலும் தள்ளாடுகிறது.

"சிறப்பு" என்னும் சொல்லை ஆய்வேட்டில் எழுதுமுன், மார்ஃபோலினோவை மட்டும் நம்பாமல் மரபுவழி மாற்றம் பெற்ற மீன்களிலும் அதே குறை தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். அக்குறையுள்ள உறுப்பில் ரைபோசோம்களின் எண்ணிக்கையையும் அளக்க வேண்டும். இரண்டாவது வேலை கடினமானது. பெரும்பாலான கட்டுரைகளில் அதுவே விடுபட்டுப் போகிறது.