பகிரப்படாத அனுபவங்கள்



சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமையன்று, காவலூர் வானாய்வகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குக் குடும்பத்துடன் சென்றோம். இரண்டு வண்டிகள், பதினான்கு பேர், பதினொரு கைபேசிகள். வழிநெடுக இளைஞர்களின் பேச்சு ஒன்றைப் பற்றியே இருந்தது. எந்தக் கைபேசியின் கேமரா இருட்டிலும் துல்லியமாக எடுக்கும், எந்த பவர் பேங்க் இரண்டு நாள் தாங்கும், காதில் செருகும் இயர்பட்ஸில் எது நல்லது, எந்த உறை கீழே விழுந்தாலும் காக்கும் என்று ஒவ்வொருவரும் தம் அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டே வந்தனர். அவர்களின் ஆர்வத்தை நான் குறை கூறவில்லை. அன்று பிற்பகல் நடந்ததுதான் இதை எழுதத் தூண்டியது.

அஸர் நேரத்தில் சாலையோரம் வண்டிகளை நிறுத்தினோம். என் சகோதரியின் மருமகன் கீழக்கரையைச் சேர்ந்தவர். அவருடைய கைபேசி அஸர் வக்து வந்துவிட்டதாக அறிவித்தது. என் மகனின் கைபேசியோ இன்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருப்பதாகக் காட்டியது. “உங்கள் போனில் ஜி.பி.எஸ். சரியில்லை, மச்சான்” என்றான் மகன். “மலையில் சிக்னல் இல்லாததால் உன்னுடையதுதான் குழம்பிவிட்டது” என்றார் அவர். எந்த நிறுவனத்தின் கைபேசி நம்பத்தக்கது என்பதாக விவாதம் வளர்ந்தது. இதற்கிடையே மூன்றாமவர் ஒருவர் கிப்லாவைப் பார்க்கத் தம் கைபேசியை எடுத்தார். அதில் முள் தென்மேற்கைக் காட்டியது.

என் பெரியத்தா வண்டியிலிருந்து மெல்ல இறங்கினார். நாற்பது ஆண்டுகள் தோல் பதனிடும் தொழிற்சாலையில் உழைத்தவர். கைத்தடியை மண்ணில் செங்குத்தாக ஊன்றி நிழலைப் பார்த்தார். “இரண்டு போனும் சரியாகத்தான் சொல்கின்றன” என்றார். நண்பகலில் இருந்த நிழலை ஒதுக்கிவிட்டு, பொருளின் நிழல் அதன் நீளத்தளவு வளர்ந்ததும் அஸர் தொடங்குகிறது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. இரு மடங்கு வளர்ந்த பின்பே தொடங்குகிறது என்பது ஹனஃபி மத்ஹபில் நம் ஊர்ப் பள்ளிவாசல்கள் பின்பற்றும் கருத்து. கீழக்கரைக் கைபேசியில் ஒன்றும் வாணியம்பாடிக் கைபேசியில் மற்றொன்றும் தேர்வு செய்யப்பட்டிருந்தன. அவ்வளவுதான். கிப்லா முள் விலகியதற்கும் காரணம் கண்டோம். அந்தக் கைபேசியின் தோலுறை மூடிக்கொள்ள அதில் ஒரு காந்தம் பதிக்கப்பட்டிருந்தது. உறையைக் கழற்றியதும் முள் திரும்பியது.

அங்கிருந்த கைபேசிகளின் விலையைக் கூட்டினால் இரண்டு இலட்சத்தைத் தாண்டும். அவற்றின் ஒவ்வொரு உறுப்பையும் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்தவர்களுக்கு, அவை காட்டிய ஒரு நேரத்தின் பொருள் தெரியவில்லை. இதைக் கண்டு நான் நகைக்கவில்லை, வெட்கினேன். ஏனெனில் என் மகனுக்குக் கைபேசி வாங்கித் தந்தவன் நான். நிழலைப் பார்க்கக் கற்றுத் தராதவனும் நானே.

கையடக்கக் கருவி நமக்குப் புதியதன்று

“தொழில்நுட்பத்தை எதிர்க்கும் பழமைவாதம்” என்று இதைத் தள்ளிவிட விரும்புவோர் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும். கையடக்கக் கருவிகளைப் போற்றி வளர்த்த சமுதாயங்களுள் நம்முடையது முதல் வரிசையில் நிற்கிறது. உள்ளங்கையில் ஏந்தும் பித்தளை வட்டாகிய அஸ்தர்லாப் கொண்டு நேரத்தையும் திசையையும் விண்மீன்களின் நிலையையும் கணித்தனர். அல்குவாரிஸ்மியும் அல்பீரூனியும் அதைப் பற்றி நூல் எழுதினர். முகலாயர் காலத்தில் லாகூரில் உஸ்தாத் அல்லாஹ்தாதின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இக்கருவிகளைச் செய்து வந்தது. கி.பி. 14ஆம் நூற்றாண்டில், திமிஷ்க் உமையா பள்ளிவாசலின் நேரக்கணிப்பாளர் இப்னு ஷாதிர், திசைகாட்டியும் சூரியக் கடிகையும் அடங்கிய ஒரு சிறு பெட்டியை வடிவமைத்தார். தொழுகை நேரத்தை அறிய உதவிய அப்பெட்டியை, இன்றைய கைபேசியின் முன்னோர் வரிசையில் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அஸ்தர்லாபைக் கையில் எடுத்தவர் வானத்தை அறிந்திருக்க வேண்டும். கற்காதவர் கையில் அது வெறும் பித்தளைத் தட்டு. இன்றைய கருவி எதையும் கற்கச் சொல்வதில்லை. விலையை மட்டும் கேட்கிறது. அன்றைய கருவி அறிவுக்குத் துணையாக இருந்தது. இன்று நாம் அதை அறிவின் இடத்திலேயே அமர்த்திவிட்டோம்.

அன்று நாங்கள் காணச் சென்ற காவலூரே இதற்குச் சான்று. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியின் வழியே நோக்கியவர்கள், கோள் மறைக்கும் நேரத்திற்கு வெளியேயும் விண்மீனின் ஒளி மங்கியதைப் பதிவு செய்தனர். அக்கோளைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பது அன்றைய நோக்குகளால் உலகுக்குத் தெரியவந்தது. கருவி காட்டியதை அப்படியே ஏற்றுக்கொண்டு அவர்கள் எழுந்து போகவில்லை. ஏன் மங்கியது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைத்தான் நம் பிள்ளைகள் கேட்க மறந்துவிட்டனர். நாம் கேட்கப் பழக்கவும் இல்லை.

எவரும் பேசாத விலை

கருவி ஆர்வலர்கள் கூடிப் பகிரும் அனுபவங்களில் ஒன்று மட்டும் ஒருபோதும் இடம்பெறுவதில்லை. அது பணம் கட்டிய விதம். பெட்டியைப் பிரித்த மகிழ்ச்சியைச் சொல்வார்கள், தவணையைச் சொல்லமாட்டார்கள்.

“வட்டியில்லாத் தவணை” என்ற விளம்பரத்தை நம்பி, வட்டியிலிருந்து தப்பிவிட்டோம் என்று மனநிறைவு கொள்ளும் இல்லங்கள் நம்மிடையே ஏராளம். அத்தகைய திட்டங்கள் பலவற்றில் நடப்பது வேறு. வங்கி வட்டியைக் கணக்கிடவே செய்கிறது. அந்தத் தொகையை விற்பனையாளர் தள்ளுபடி என்ற பெயரில் விலையில் குறைத்துக் காட்டுகிறார். ரொக்கமாக வாங்குபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடைக்காமல் போவதும் உண்டு. இவற்றின் மேல் செயலாக்கக் கட்டணம் வேறு. ஐயமிருந்தால் கடன் அட்டையின் மாதக் கணக்கை எடுத்துப் பாருங்கள். “வட்டி” என்ற சொல்லும், அந்த வட்டியின் மீதான 18 விழுக்காடு வரியும் பெரும்பாலும் அங்கே அச்சாகியிருக்கும். 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கியே, இத்தகைய பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டி மறைக்கப்பட்டுக் கட்டணமாக வாடிக்கையாளர் மீது சுமத்தப்படுகிறது என்று வங்கிகளுக்கு எச்சரிக்கைச் சுற்றறிக்கை அனுப்பியது. மார்க்கத்தைப் பற்றி ஏதும் பேசாத ஓர் அரசு நிறுவனத்துக்குத் தெரிந்தது, வட்டியை ஹராம் என்று நாள்தோறும் சொல்லும் நமக்குத் தெரியவில்லையா?

ஒவ்வொரு திட்டத்துக்கும் தீர்ப்பு வழங்குவது என் வேலையன்று. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் கேட்பதற்காவது கணக்குத் தாளை எடுத்துச் செல்ல வேண்டாமா? கோழி ஹலாலா என்று கடைக்காரரிடம் இருமுறை கேட்கும் நாம், கைபேசி வந்த வழியை ஒருமுறையும் கேட்பதில்லை.

தேவை என்ற பேச்சையும் எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் அறிவியலாளர்களும் பொறியாளர்களும் சேர்ந்து “சிம்ப்யூட்டர்” என்னும் கையடக்கக் கணினியை உருவாக்கினர். 2001இல் அதன் முன்மாதிரி வெளியானது. 2004இல் விற்பனைக்கு வந்தது. ஒரு சிற்றூருக்கு ஒரு கருவி போதும், ஒவ்வொருவரும் தம் விவரம் அடங்கிய சிறு அட்டையைச் செருகிப் பயன்படுத்தலாம் என்பது அதன் கருத்து. வணிகத்தில் அது வெல்லவில்லை. ஆயினும் கருவியையே பகிர்ந்துகொள்ளலாம் என்று எண்ணியவர்கள் நம் அண்டை நகரிலேயே இருந்தார்கள். நாமோ கருவியைப் பற்றிய பெருமையை மட்டும் பகிர்கிறோம். நன்றாக இயங்கும் கைபேசி அலமாரியில் உறங்க, அடுத்தது வீட்டிற்குள் நுழைகிறது. வீண்விரயம் செய்வோரைப் பற்றி அல்குர்ஆன் 17:27 வசனம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை இங்கு நான் எடுத்தெழுதத் தேவையில்லை. ஒவ்வொருவரும் இன்றிரவு அதைத் திறந்து ஓதிக்கொள்ளலாம்.

நாம் கொடுக்கும் மற்றொரு விலை

“என் கைபேசியில் குர்ஆன் இருக்கிறது, வக்து சொல்கிறது, கிப்லா காட்டுகிறது. இதில் என்ன தீமை?” என்று கேட்பார்கள். நன்மையை நான் மறுக்கவில்லை. வளைகுடாவில் உழைக்கும் தந்தை தம் குழந்தையின் முகத்தை நாள்தோறும் காண்பது இக்கருவியால்தான். கண்பார்வையற்ற சகோதரர் திரையில் உள்ளதைக் குரலாகக் கேட்பதும் இதனால்தான். இவை அல்லாஹ்வின் அருட்கொடைகள்.

ஆயினும் 2020 நவம்பரில் வெளிவந்த செய்தியை நினைவுபடுத்துகிறேன். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பதிவிறக்கிய “முஸ்லிம் ப்ரோ” என்னும் தொழுகைச் செயலியிலிருந்து பயனர்களின் இருப்பிடத் தகவல்கள் எக்ஸ்-மோடு என்ற தரவு வணிக நிறுவனத்துக்குச் சென்றதையும், அந்நிறுவனம் ஒப்பந்தக்காரர்கள் வழியாக அமெரிக்க இராணுவத்துக்கு இருப்பிடத் தரவுகளை விற்றுவந்ததையும் ‘மதர்போர்டு’ இதழ் வெளிக்கொணர்ந்தது. செயலியை நடத்தியவர்கள் அந்நிறுவனத்துடனான உறவை முறித்துக்கொண்டதாக உடனே அறிவித்தனர். 2024 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம், வழிபாட்டுத் தலங்கள் போன்ற நுண்மையான இடங்களைக் காட்டும் தரவுகளை விற்கக் கூடாது என்று எக்ஸ்-மோடுக்குத் தடை விதித்தது.

சிந்தித்துப் பாருங்கள். தொழுகைக்கு நேரம் கேட்டவர் எங்கே நிற்கிறார் என்பது சந்தைப் பொருளாகியது. இதைப் பற்றி நம் கருவி ஆர்வலர்களில் எத்தனை பேர் தம் நண்பர்களை எச்சரித்தார்கள்? கேமராவில் எத்தனை கண்ணாடி வில்லைகள் உள்ளன என்று சொன்னவர்கள், வக்து அறியச் செயலிக்கு நம் இருப்பிடம் எந்நேரமும் தெரிய வேண்டியதில்லை, ஊர்ப் பெயரைக் கையால் கொடுத்தாலே போதும் என்பதைச் சொல்லவில்லையே! வீட்டுக் கதவைத் தாழிட்டு உறங்கும் நாம், நம் பெண்களும் பிள்ளைகளும் போகும் இடமெல்லாம் அறியும் உரிமையை ஒரே தொடுதலில் அந்நியருக்கு வழங்கிவிடுகிறோம்.

இனி எதைப் பகிர்வோம்?

கைபேசியைத் தூக்கி எறியுங்கள் என்று நான் எழுதவில்லை, எறிந்தவனும் அல்லன். அனுபவத்தைப் பகிர்வதானால் முழுமையாகப் பகிருங்கள் என்பதே என் வாதம். அடுத்த முறை புதுக் கைபேசியோடு உறவினர் வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதற்கு எப்படிப் பணம் கட்டினாய்? இது உன்னிடமிருந்து எந்தெந்தத் தகவலை எடுக்கிறது? இது காட்டுவதன் பொருளை நீ அறிவாயா? மூன்றுக்கும் விடை சொல்லக் கூடியவர் மாஷா அல்லாஹ், உண்மையான ஆர்வலர். முடியாதவர் விளம்பரத்தை ஒப்பிப்பவர் மட்டுமே.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மே 27, 28 தேதிகளில் இந்திய நேரம் பிற்பகல் 2.48 மணியளவிலும், ஜூலை 15, 16 தேதிகளில் 2.57 மணியளவிலும் சூரியன் கஅபாவின் உச்சிக்கு நேராக வருகிறது. அந்த நேரத்தில் மொட்டை மாடியில் ஒரு கம்பைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழலின் நுனியிலிருந்து கம்பின் அடியை நோக்கிய திசையே கிப்லா. ஜவ்வாது மலையடிவார ஊர்களில் அது நேர் மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 19 பாகை சாய்ந்திருப்பதைக் காண்பீர்கள். காந்தமும் சிக்னலும் தவணையும் இதற்கு வேண்டா. பிறகு பிள்ளையின் கைபேசியை வாங்கி, உறையைக் கழற்றிவிட்டு, அதன் முள்ளை அந்தத் திசையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கருவியைச் சோதிக்கக் கற்ற பிள்ளை கருவிக்கு அடிமையாவது அரிது.

அன்று மலையில் பெரியத்தாவின் தடியைச் சுற்றி நின்ற பிள்ளைகளில் என் மகனும் ஒருவன். தொழுகை முடிந்ததும் அவன் அந்த நிழலின் மேல் ஒரு கல்லை வைத்தான். புறப்படும் முன் திரும்பி வந்து, நிழல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தான். அதைப் படம் எடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

நம் கையில் உள்ள ஒவ்வொரு கருவியும் அமானிதம். அதற்குச் செலவான பொருளைப் பற்றியும் அதில் கழிந்த நேரத்தைப் பற்றியும் நாம் விசாரிக்கப்படுவோம். அந்நாளில் கேமராவின் துல்லியம் நமக்குச் சாட்சி சொல்லாது. சிந்திப்போமாக! வல்ல இறைவன் நம் பொருளிலும் அறிவிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.