தன்னம்பிக்கை போதும், சுயமரியாதை பேசுவோம்

மார்ச் 8 வந்தால் போதும், பெண்களுக்குத் தன்னம்பிக்கை விற்க ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. முனைவர் பட்ட ஆய்வாளராக இப்படிப்பட்ட பயிலரங்குகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். உதவித்தொகை மாதக்கணக்கில் வராததைப் பற்றி அங்கே பேச்சே இருக்காது. மன அழுத்தத்துக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவார்கள். நெறியாளர் சாதி பார்க்கிறார் என்று சொன்னால், 'நேர்மறையாக யோசியுங்கள்' என்பார்கள். நோய் அமைப்புக்கு, மருந்து நமக்கு!

நவதாராளவாதம் பெண்ணியத்தை இப்படித்தான் கைப்பற்றுகிறது. ஜெயித்தால் உன் திறமை, தோற்றால் உன் குறை என்று ஒவ்வொருத்தியையும் தனியே பிரித்து நிறுத்துகிறது. ஆனால், சாதி நம்மைத் தனி ஆளாகப் பார்த்தா அடிக்கிறது? சேரியைப் பார்த்துத்தானே அடிக்கிறது? பதிலடி மட்டும் எப்படித் தனி ஆளாக இருக்க முடியும்?

திண்டுக்கல்லைப் பாருங்கள். 2021 ஜனவரியில் அங்கே ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். தன்னம்பிக்கை வகுப்பு எதுவும் அவரைக் காப்பாற்றியிருக்காது. பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு நெசவு மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022இல் ஆலை நிர்வாகமும், எச் அண்ட் எம், கேப் உள்ளிட்ட பெருநிறுவனங்களும் பாலியல் வன்முறைக்கு எதிரான, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. சாதிப் பாகுபாடும் அதில் சேர்க்கப்பட்டது. தொழிலாளர்களிலிருந்தே ஆலைக்குள் கண்காணிப்பாளர்கள் வந்தார்கள்.

அதே திண்டுக்கல்லில் 1990இல் அருட்சகோதரி சந்திரா தொடங்கியது சக்தி கலைக்குழு. ஊர்ச் சாவுக்கு அடிக்க வேண்டும் என்று தலித் ஆண்கள் மீது சாதி சுமத்திய இழிதொழில் பறை. பெண் தொடவே கூடாது என்றார்கள். அந்தப் பறையைத் தலித் பெண்கள் வரிசையாக நின்று அடித்தார்கள், ஆடினார்கள். பறையாட்டத்தில் ஒருத்தி அடி தவறினால் மொத்த வரிசையும் தடுமாறும். பக்கத்தில் நிற்பவளின் கையைக் கவனித்தே ஆக வேண்டும். சங்கம் கட்டுவதற்கும் இதே பழக்கம்தான் வேண்டும்.

இன்று நகரத்தில் அதே பறை, கட்டணம் வாங்கிக்கொண்டு மன அழுத்தம் போக்கும் வகுப்பாகிறது. கற்றுக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால், அடித்த கையோடு சாதியைப் பற்றி வாய் திறக்க மாட்டோம் என்றால் அது வெறும் உடற்பயிற்சி.

'அப்படியானால் தனிப்பட்ட முன்னேற்றமே வேண்டாமா?' என்று கேட்கிறார்கள். வேண்டும். நான் இடஒதுக்கீட்டில் படிக்கிறவள். அந்த இடஒதுக்கீடு யாரோ ஒருவருடைய தன்னம்பிக்கையால் வந்ததா? தலைமுறைகளாக நடந்த போராட்டத்தால் வந்தது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 'நீ தைரியமாக இரு' என்று சொல்லிக் கலைந்துபோகவில்லை.

தன்னம்பிக்கை கண்ணாடி முன்னால் நின்று பேசுகிறது. சுயமரியாதை அதிகாரத்தின் முன்னால் நின்று கேட்கிறது. தோழிகளே, அடுத்த மார்ச் 8க்குப் பயிலரங்கு அழைப்பு வந்தால் ஒன்று செய்வோம். நிலுவையிலுள்ள உதவித்தொகைப் பட்டியலையும், பதில் கிடைக்காத புகார்களின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு எல்லோருமாகப் போவோம். பறையையும் கொண்டுபோவோம்.