ஸஹ்ராவியின் பெருமை பேசினால் போதுமா?

'அறுவை சிகிச்சையின் தந்தை ஒரு முஸ்லிம்!' மேடைதோறும் முழங்குகிறோம். கைதட்டலும் கிடைக்கிறது. அந்தத் தந்தை என்னதான் செய்தார் என்று ஓர் இளைஞர் கேட்டால், நம்மில் எத்தனை பேரிடம் பதில் இருக்கிறது?

ஸ்பெயினில் குர்துபா நகரை அடுத்து வாழ்ந்தவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (936-1013). 30 பாகங்கள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' என்ற மருத்துவ நூலை எழுதினார். கடைசிப் பாகம் அறுவை சிகிச்சை. அதில் சுமார் 200 கருவிகளைப் படம் வரைந்து விளக்கினார். தொண்டைச் சதையை அகற்றும்போது நாக்கை அழுத்தும் தகடு எந்த உலோகத்தில், எவ்வளவு மெலிதாக இருக்க வேண்டும் என்றுகூட எழுதினார். கட்டியைக் கீறும் கத்தியைக் கண்டு நோயாளி அஞ்சாதிருக்க, அதை மறைத்து வைக்கும் கருவியையும் காட்டினார்.

ஏன் இவ்வளவு விவரம்? உடற்கூறு அறியாத மருத்துவர் ஒருவர் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியைக் கீறப் போய், இரத்த நாளத்தை வெட்டினார். அப்பெண் அங்கேயே இறந்தார். ஸஹ்ராவியே இதை எழுதியிருக்கிறார். அரைகுறை அறிவு உயிரை வாங்கும் என்பதால்தான், கற்றதை ஒளிக்காமல் வரைந்து வைத்தார்.

அதனால்தான் 12ஆம் நூற்றாண்டில் அது லத்தீனுக்குப் போனது. ஐரோப்பா பல நூற்றாண்டுகள் அதைப் படித்தது. அதற்கு முன்பே பக்தாதில் நம் நாட்டு சுஸ்ருதரின் நூல் அரபியாக்கப்பட்டிருந்தது. அறிவை வாங்கவும் கொடுக்கவும் அவர்கள் தயங்கவில்லை. பாட்னாவில் வழக்கறிஞர் குதா பக்ஷ் தம் ஏடுகளைப் பூட்டி வைக்காமல் 1891இல் மக்களுக்கு நூலகமாகத் திறந்துவிட்டார். ஸஹ்ராவியின் படங்களுள்ள பழைய கைப்பிரதி இன்றும் அங்கே இருக்கிறது.

நம் நிலை என்ன? குருபரப்பள்ளி சிப்காட்டிலும் ஓசூர் பட்டறைகளிலும் நம் பிள்ளைகள் லேத் முன் நிற்கிறார்கள். டிராயிங் படிக்கத் தெரியாதவன் கடைசிவரை ஹெல்பர்தான். தெரிந்த மூத்தவரோ, தொழில் ரகசியம் என்று வாயைத் திறப்பதில்லை!

வியாபாரப் பெருமக்களே! ஒரு கல்யாண விருந்தில் மீதமாகிக் குப்பைக்குப் போகும் பணத்தில், ஒரு பையனின் ஐ.டி.ஐ. செலவை ஏற்கலாம். மூத்த தொழிலாளர்களே! வாரம் ஒரு மாலை, மஹல்லா மண்டபத்தில் டிராயிங் சொல்லிக் கொடுங்கள். பக்கத்து வீட்டு மாற்றுமத இளைஞர் வந்தாலும் உட்கார வையுங்கள்.

ஸஹ்ராவி கைதட்டல் கேட்கவில்லை. தமக்குப் பின் வருபவர் கை தவறக் கூடாது என்றே வரைந்தார். அந்த வேலையை நாம் தொடரப் போகிறோமா, மேடையில் அவர் பெயரை மட்டும் சொல்லிக் கொண்டிருக்கப் போகிறோமா?